கூரையும் நங்கூரமும்: மலைநாட்டு உயர்வேலைகளில் வீழ்ச்சிக் காப்பு

அவிசாவளையிலிருந்து ஹற்றனை நோக்கி ஏறும் நெடுஞ்சாலை, கித்துல்கலையைக் கடந்து மலைச்சரிவிற் பல வளைவுகளைச் சுற்றிச் சென்று சேரும் கடைவீதியே கினிகத்தேனையாகும். நாவலப்பிட்டியிலிருந்து வரும் பாதையும் இவ்விடத்திலேயே வந்து கூடுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரை மத்திய மலைநாட்டின் எப்பகுதியில் முதலிற் கொட்டுகின்றது எனின், இம்மேற்குச் சரிவிலேயே எனலாம். அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 5000 மில்லிமீற்றர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓராண்டிற் பெய்வதைப்போல் இது ஏறக்குறைய நான்கு மடங்காகும். இலக்சபான முதலிய நீர்மின் நிலையங்கள் இப்பகுதியில் எழுந்தமைக்கும், தேயிலை செழித்து வளர்ந்தமைக்கும் காரணமான இம்மழையே, கூரை வேலை செய்வோர்க்குப் பெரும் பகையாகவும் விளங்குகின்றது.

வறண்ட நாட்டிற் கூரையின் பழுதைக் கோடை முழுவதும் பார்த்துப் பார்த்துத் திருத்தலாம். மலைநாட்டிலோ ஒழுக்குத் தெரிவது மழையில். ஏறவேண்டிய தேவை எழுவதும் அம்மழையிலேயே. பாசி படர்ந்த தகரம், வீசுங் காற்று, வழுக்கும் ஏணி ஆகிய மூன்றும் ஒருங்கு கூடிய வேளையிலேதான் மனிதன் கூரைமேல் நிற்கின்றான். ஆதலின், உயரத்திலே வேலை செய்வோரை விழாமற் காக்கும் முறைகளும், விழுந்தாலும் உயிர் தப்பச் செய்யும் முறைகளும் யாவை, அவற்றின் அடிப்படைத் தத்துவம் யாது, அவை இந்நாட்டுக் கூரைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பன ஆராயத்தக்கன.

மலைநாட்டுத் தோட்டமொன்றிற் கூரைகள் ஒரே வகையின அல்ல. முதலாவது தேயிலைத் தொழிற்சாலையின் கூரை. கொழுந்து வாட்டுதற்கெனப் பல மாடிகளாக எழுப்பப்பெற்ற பழைய தொழிற்சாலைகளின் முகடு, தரையிலிருந்து மூன்று நான்கு மாடி உயரத்தில் இருக்கும். இரும்புச் சட்டகத்தின்மேல் நெளிதகரம் வேய்ந்து, வெளிச்சத்துக்காக இடையிடையே கண்ணாடியோ ஒளி புகும் பிளாத்திக்குத் தகடோ பதித்திருப்பர். இரண்டாவது லயத்தின் கூரை. வரிசையாய் அமைந்த காம்பிராக்கள் அனைத்தையும் ஒரே நீண்ட முகடு மூடி நிற்கும். காற்றுக்குத் தகரம் பறவாதிருக்கக் கல்லும் மண்மூட்டையும் அதன்மேல் ஏற்றி வைப்பது பலவிடத்துங் காணப்படுவதே. மூன்றாவது, தகரத்துக்குப் பதிலாக அசுபெசுத்துச் சீமெந்துத் தகடு வேய்ந்த கூரை. பார்வைக்கு இதுவே உறுதியுடையது போலத் தோன்றும். உண்மையில் மூன்றனுள் மிகப் பொல்லாதது இதுவே என்பது பின்னர் விளங்கும்.

உயரத்தில் ஏறி உழைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. வடக்கிலே பனையேறுவோர் காலிலே தளைநார் பூட்டி ஏறுவர். கினிகத்தேனைச் சூழலிற் கித்துல் சீவுவோர் மரத்தோடு கழியை ஏணிபோற் பிணைத்து ஏறுவர். கோபுரத் திருப்பணியின்போது கழிகளையுங் கயிற்றையுங் கொண்டு கட்டும் சாரத்தின் நேர்த்தி, கட்டடக்கலை கற்றோரும் வியக்கத்தக்கது. எனினும் இவற்றை நுணுகி நோக்கின் ஓருண்மை புலனாகும். தளைநாரும் கழியும் சாரமும் ஏறுவதற்கும் நின்று வேலை செய்வதற்கும் துணை செய்வன. கை தவறிய பின்னர், விழுகின்றவனை இடையிலே தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இவற்றுள் இல்லை. பழைய முறைகள் யாவும் ஏறுவோனுடைய திறமையையே காப்பாகக் கொண்டன. திறமை தவறும் கணத்துக்கென அவை ஒன்றும் வைத்திருக்கவில்லை.

இக்காலத்துக் காப்பு முறைகள் அக்கணத்தையே முன்னிறுத்தி எண்ணப்பட்டவை. அவற்றை மூன்று படிகளாகக் கொள்ளலாம். விளிம்பிலே கைபிடிவேலி அமைத்து, விழும் வாய்ப்பையே நீக்குவது முதற் படி. வீட்டு மாடிக்குக் கைபிடிச்சுவர் கட்டாதவன் மேல் இரத்தப்பழி வரும் என்ற கருத்து விவிலியத்தின் உபாகமத்திலேயே உண்டு. ஆதலின் இது மிகப் பழைய அறிவே. வேலி அமைக்க இயலாதவிடத்து, விளிம்பை அணுக இயலாதபடி அளந்த கயிற்றினாற் பிணித்து வைப்பது இரண்டாம் படி. இதனைத் தடுப்புமுறை எனலாம். விழுந்தவனை இடைவழியிலே தாங்கும் ஏந்துமுறை மூன்றாம் படி. பின்னைய இரண்டுக்கும் உடலைச் சுற்றிய கச்சை, இணைக்குங் கயிறு, அக்கயிறு பூட்டப்படும் நங்கூரம் ஆகிய மூன்றும் வேண்டும். கப்பலின் நங்கூரம் கடலடியைப் பற்றுவதுபோல, இந்நங்கூரம் கட்டடத்தின் எலும்பைப் பற்றவேண்டும். தோலைப் பற்றினாற் பயனில்லை.

கயிறொன்றை இடுப்பிற் கட்டி மறுமுனையை எங்கேனும் முடிந்துவிட்டாற் போதாதோ என்பது இயல்பாக எழும் வினா. இதற்கு விடை பௌதிகவியலிலே உள்ளது. கருவிகளோடு 80 கிலோகிராம் உள்ள ஒருவன் 1.8 மீற்றர், அதாவது 6 அடி, தடையின்றி விழுகின்றான் எனக் கொள்க. அவன் விழும் நேரம் 0.6 செக்கன் மாத்திரமே. கண்ணிமைத்துக் கைநீட்டிப் பற்றுதற்கு அது போதாது. அந்நேரத்தில் அவன் பெறும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 21 கிலோமீற்றர். இனி அவனை நிறுத்தவேண்டும். நிறுத்துவதற்குரிய விசை, அவன் எவ்வளவு தூரத்துள் நிறுத்தப்படுகின்றான் என்பதைப் பொறுத்தது. நீளாத கயிறொன்று 10 சென்ரிமீற்றருள் அவனை நிறுத்துமாயின், சராசரி விசை ஏறத்தாழ 15,000 நியூற்றன். அஃதாவது ஒன்றரைத் தொன் பாரத்தை அவனுடைய இடுப்பிலே தொங்கவிட்டதற்கு ஒப்பு. அதே மனிதனை ஒரு மீற்றர் தூரத்துள் மெல்ல நிறுத்தினால் விசை ஏறத்தாழ 2200 நியூற்றனாகக் குறையும். விழுந்த தூரம் ஒன்றே. உடல் அடைந்த அடி ஏழில் ஒன்று. அமர்முடுகலைப் பற்றி மாணவர் வகுப்பறையிற் படிக்கும் சமன்பாடு, ஒருவனுடைய முதுகெலும்பு முறிவதோ முறியாததோ என்பதை இவ்வாறு தீர்மானிக்கின்றது.

இதனாலேதான் ஏந்துமுறைக் கயிற்றிலே அதிர்வேற்பி என்னும் உறுப்பொன்று பொருத்தப்படுகின்றது. அது மடித்துத் தைக்கப்பட்ட நாடாவே. குறித்த விசைக்கு மேல் இழுபட்டால் தையல் வரிசையாகக் கிழிந்து நாடா விரியும். விழுபவனின் இயக்கசத்தி அக்கிழிசலிலே செலவாகும். ஐரோப்பிய நியமத்தின்படி இவ்வுறுப்பு விசையை 6000 நியூற்றனுக்குள் அடக்கவேண்டும். ஒருமுறை விரிந்தது மறுமுறைக்கு உதவாது. புறத்தே பழுது தெரியாவிடினும் வீழ்ச்சியொன்றைத் தாங்கிய கச்சையையும் கயிற்றையும் வேலையிலிருந்து நீக்கிவிடுதலே விதி. இந்நாட்டிலே ஒரு பொருள் கிழியும்வரை பயன்படுத்துவதே சிக்கனம் என்று கருதுவோர்க்கு இவ்விதி எளிதில் உடன்பாடாகாது.

இடுப்பை மாத்திரம் சுற்றும் பட்டியை வேலையாட்கள் 'பெல்ட்' என்பர். மின்கம்பம் ஏறுவோர் நின்று வேலை செய்தற்கு அது நெடுங்காலம் உதவியது; அப்பயனுக்கு இன்றும் உதவும். விழுபவனை ஏந்துதற்கோ அது தகாது. வயிற்றின் மென்மையான உள்ளுறுப்புகள் அனைத்தும் அவ்வொரு பட்டியின் இறுக்கத்துக்கு ஆளாகும். தலைகீழாய் நழுவி விழுவதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே கட்டட வேலையில் இடுப்புப் பட்டியை ஏந்துமுறைக்குப் பயன்படுத்துவது 1998ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததே தோளையும் மார்பையும் தொடையையும் ஒருங்கே தழுவும் முழுவுடற் கச்சை. அதன் வளையம் முதுகின் மேற்புறத்திலே அமைந்திருத்தலின், விழுந்தவன் நிமிர்ந்த நிலையிலே தொங்குவான். விசையைத் தொடையின் வலிய தசைகள் ஏற்கும்.

கச்சை எத்துணை நன்றாயினும் நங்கூரம் கழன்றால் யாவும் கழன்றதே. அமெரிக்க விதி ஒருவனுக்குரிய நங்கூரம் 5000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 22,000 நியூற்றன் தாங்கவேண்டும் என்கின்றது. அன்றேல் தகுதியுடைய ஒருவர் கணித்து, எதிர்பார்க்கும் விசையின் இருமடங்குக்கேனும் அதனை அமைக்கவேண்டும். ஐரோப்பிய நியமம் உலோக நங்கூரத்தை 12,000 நியூற்றனிற் சோதிக்கச் சொல்கின்றது. சிறிய காரொன்றைத் தூக்கித் தொங்கவிடக்கூடிய பிடி வேண்டும் என்பதே இவ்வெண்களின் பொருள். மழைநீர்ப் பீலி, நீர்க்குழாய், புகைபோக்கி, தகரத்தை அறைந்த ஆணி, சிலாகை ஆகியவற்றுள் எதுவும் இதனைத் தாங்காது. தேயிலைத் தொழிற்சாலையிலே தாங்கத்தக்கவை இரும்புத் தூணும், பிரதான உத்தரமும், கூரைச்சட்டகத்தின் முதன்மை உறுப்புகளுமே. இரும்பிலே துளையிடாது கவ்வியாற் பற்றலாம். மரமாயின் கைமரத்தை ஊடுருவிய தண்டாணியும் மறுபுறத்தில் அகன்ற தட்டும் வேண்டும். வெறுந் திருகாணியை மரத்தின் நுனியிலே முறுக்கி அதனை நங்கூரம் எனக் கொள்வது தன்னைத்தான் ஏமாற்றிக் கொள்வதேயாம்.

நீண்ட முகட்டின் இரு கோடிகளிலும் நங்கூரமிட்டு, இடையே உருக்குக் கம்பிவடத்தைக் கட்டி, அதன்மீது வளையத்தை ஓடவிடும் முறையும் உண்டு. தொழிலாளி முகட்டின் நீளத்துக்கும் நடக்கலாம் என்பதால் இதனையே பலரும் விரும்புவர். ஆயின் வடத்தை இழுத்து முறுக்கிக் கட்டுதலே உறுதி என்று எண்ணுவது பெரும் பிழை. நடுவே ஒருவன் விழும்போது வடம் தாழும் கோணம் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குக் கோடிகளில் இழுவை பெருகும். வடம் கிடைநிலையிலிருந்து 30 பாகை தாழ்ந்தால் ஒவ்வொரு கோடியிலும் ஏற்படும் இழுவை, விழுபவன் தரும் விசைக்குச் சமன். 5 பாகையே தாழ்ந்தால் அவ்விசையின் ஏறத்தாழ ஆறு மடங்கு. 6000 நியூற்றன் 34,000 நியூற்றனாகி, கோடி நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். துணி காயப் போடும் கொடியை இறுக இழுத்துக் கட்டினால், ஈரத்துணி விழுந்ததும் முளை சாய்வதும் இதே காரணத்தாலேயாம்.

இவை யாவும் தொழிற்சாலைபோன்ற உயர்ந்த கட்டடத்துக்குப் பொருந்துவன. லயத்தின் கூரைக்கு வரும்போது நிலைமை மாறுகின்றது. இவ்வேறுபாட்டைப் பலர் கருதுவதில்லை. ஏந்துமுறைக்குக் கீழே வெற்றிடம் வேண்டும். 1.8 மீற்றர் கயிறு, அதிர்வேற்பி விரிதற்கு ஒரு மீற்றருக்குச் சற்று மேல், முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை ஒன்றரை மீற்றர், தப்பித்தற்குரிய எல்லையாக மேலும் ஒரு மீற்றர் எனக் கூட்டினால், நங்கூரத்தின் கீழே 5 மீற்றருக்கு மேற்பட்ட தடையற்ற வெளி வேண்டும். லயத்தின் முகடு பெரும்பாலும் அவ்வளவு உயரமுடையதன்று. அதன் தாழ்வாரத்தையோ நிலத்தில் நிற்பவர் கையாற் றொடத்தக்க இடங்களும் உண்டு. அங்கே விலையுயர்ந்த கச்சையும் அதிர்வேற்பியும் அணிந்து விழுபவன், கயிறு இறுகு முன்னரே வாசற்படியில் மோதுவான். தாழ்ந்த கூரையில் ஆபத்தில்லை என்பாரும் உளர். மூன்று மீற்றர் உயரத்திலிருந்து கல்லின்மேல் விழுபவன் மணிக்கு 27 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தோடு மோதுகின்றான். தலை முதலில் மோதினால் அதுவே போதும்.

எனவே லயக்கூரைக்கு ஏற்றது ஏந்துமுறையன்று, தடுப்புமுறையே. முகட்டிலே உறுதியான வளையம். அதிலிருந்து தாழ்வாரத்துக்கு ஒரு முழம் குறைவான நீளமுடைய கயிறு. வழுக்கினாலும் கூரையின் மீதே நின்றுவிடும் உடல். இம்முறையில் விசையும் சிறிது, செலவும் சிறிது. முகட்டின் மேலாகக் கயிற்றை எறிந்து மறுபுறத்து மரத்திற் கட்டி, இப்புறம் ஏறுவது ஆங்காங்கு வழக்கிலுள்ள உபாயம். அதன் கருத்து நல்லதே. தடுப்புமுறையின் கருத்தும் அதுவே. குறை எங்கேயெனின், மறுபுறத்தில் யார் வந்து முடிச்சை அவிழ்த்தாலும் மேலே நிற்பவனுக்குத் தெரியாது. நெளிதகரத்தின் விளிம்போ கத்தியை ஒத்தது. இழுபட்ட நிலையில் அதன்மேல் உராயும் கயிறு எளிதில் அறுபடும். முடிச்சு விழுந்தவிடத்துக் கயிற்றின் வலிமை மூன்றிலொரு பங்கோ பாதியோ குறையும். நைலோன் நனைந்தால் மேலும் சிறிது தளரும். வெயிலிற் கிடந்த நைலோன் நாளடைவிற் பொடியும். கயிறு ஓடும் விளிம்பிலே பழைய சாக்கையோ பிளந்த றப்பர்க் குழாயையோ இடுவது சிறு காரியம். காக்கும் உயிரோ சிறிதன்று.

பக்கவாட்டில் ஊசலாடும் ஆபத்தும் மறக்கற்பாலதன்று. நங்கூரத்துக்கு நேர்கீழே வேலை செய்யாமல் பல மீற்றர் விலகி நின்று விழுபவன், கடிகாரத்தின் ஊசல்போல வீசப்பட்டுச் சுவரிலோ படிக்கட்டிலோ மோதுவான். நீண்ட லயத்துக்கு ஒரே வளையம் போதாது என்பதும், சில காம்பிராக்களுக்கு ஒன்றாகப் பல வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இனி அசுபெசுத்துக் கூரை. விளிம்பிலிருந்து விழுவோரைப்போலவே, கூரையை ஊடுருவி விழுவோரும் எந்நாட்டிலும் உளர். அசுபெசுத்துச் சீமெந்துத் தகடு வெயிலிலும் மழையிலும் ஆண்டுகள் கழியக் கழிய நொறுங்குந் தன்மை அடைகின்றது. அது முன்னறிவிப்பாக வளைவதில்லை. முழுமையாய் ஒரே கணத்தில் உடையும். ஆணி வரிசையின்மேல், அதாவது கீழே வளைமரம் ஓடும் கோட்டின்மேல், மிதித்தால் தாங்கும் என்பது பழைய பாஸ்மாரின் நம்பிக்கை. தகரத்துக்கு அது ஓரளவு உண்மை. அசுபெசுத்துக்கோ அதனை நம்பி நடப்பது கயிற்றின்மேல் நடப்பதற்கு ஒப்பு. ஓரடி பிசகினால் இருபுறமும் பாதாளமே. குறைந்தது இரண்டு வளைமரங்களையேனும் தாண்டிக் கிடக்கும் அகன்ற பலகையைப் பரப்பி, அதன்மேலேயே இயங்குதல் வேண்டும். தொழிற்சாலைக் கூரையிலுள்ள ஒளிபுகும் தகடுகளும் இத்தகையனவே. பாசியும் தேயிலைத் தூசும் படிந்த பின்னர் அவை தகரத்தினின்றும் வேறு பிரித்தறிய முடியாதனவாகி, விரித்து வைத்த பொறியாகின்றன. அவற்றை வேறு நிறத்தாற் குறித்து வைப்பதோ கீழே கம்பிவலை பொருத்துவதோ தொழிற்சாலை நிருவாகத்துக்கு அரிய செயலன்று.

வலை என்றதும் நினைவுக்கு வருவது சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேற் பாலமாகும். ஜோசப் ஸ்ட்ராஸ் தலைமைப் பொறியியலாளராக இருந்து 1933 முதல் 1937 வரை அதனைக் கட்டியபோது, 130,000 டொலருக்கு மேற் செலவிட்டுப் பாலத்தின் கீழே நெடுகிலும் வலை கட்டப்பட்டது. பொருளாதாரம் நலிந்திருந்த காலத்தில் அது வீண்செலவு எனத் தோன்றியிருக்கலாம். 19 பேர் அவ்வலையில் விழுந்து உயிர் தப்பினர். ஆயினும் 1937ஆம் ஆண்டு மாசி மாதம் 17ஆந் தேதி, பல தொன் எடையுள்ள சாரமொன்று கழன்று வலையைக் கிழித்து வீழ்ந்ததில் 10 பேர் மாண்டனர். மனிதனைத் தாங்கக் கணித்த வலை சாரத்தைத் தாங்குதற்குக் கணிக்கப்பட்டதன்று. ஒவ்வொரு காப்பும் எதைத் தாங்க அமைந்ததோ அதனை மாத்திரமே தாங்கும்.

தாங்கப்பட்டவன் தொங்கிக்கொண்டிருத்தல் மற்றொரு சிக்கல். கச்சையில் அசைவற்றுத் தொங்குபவனின் கால்களிலே குருதி தேங்குகின்றது. இதயத்துக்கும் மூளைக்கும் செல்வது குறைந்து அவன் மயங்குவான். இது மணிக்கணக்கில் அன்று, சில நிமிடங்களிலேயே நிகழக்கூடும். ஆதலின் தொங்குபவனை உடனே இறக்கும் வழி, வேலை தொடங்கு முன்னரே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். கினிகத்தேனைபோன்ற இடங்களில், மலையுச்சித் தோட்டத்துக்கு வெளியுதவி வந்து சேரும் நேரத்தை எண்ணிப் பார்த்தால், தோட்டத்திலுள்ளோரே அதனைச் செய்யப் பழகியிருத்தல் இன்றியமையாதது. தனியே ஒருவனைக் கூரைமேல் ஏற்றிவிட்டு மற்றையோர் மலைக்குச் சென்றுவிடுதல், கச்சை அணிந்திருந்தாலுங் காப்பாகாது.

மழைநாட்டிலே நங்கூரத்தின் ஆயுளும் குறுகியது. வளையம் வெளியே மின்னிக்கொண்டிருக்க, துளைக்குள் நீர் ஊறி ஆணி துருப்பிடிப்பதும் மரம் உக்குவதும் கண்ணுக்குத் தெரியா. நாகமுலாம் நன்கு தோய்த்த இரும்பு, இயலுமாயின் துருவா உருக்கு, துளையின் வாயை அடைக்கும் மெழுகு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அறிந்தவர் ஒருவரின் பரிசோதனை ஆகியவை இல்லாவிடின், பத்தாண்டுப் பழமையான வளையம் நம்பிக்கை தந்து கெடுக்கும் பொருளாகவே முடியும்.

சட்டம் இவ்விடயத்தில் எங்ஙனம் நிற்கின்றது? பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 10 அடிக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்வோர்க்குக் காப்பு வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வெல்லை ஆறரை அடியாயிற்று. 2005ஆம் ஆண்டு விதிகளோ எல்லையையே நீக்கி, விழுந்து காயமடையக்கூடிய எந்த உயரமும் உயரமே என்றன. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் அம்முதற் பிரித்தானியச் சட்டத்தின் வழிவந்தது. காயமடைந்தோர்க்கு நட்டஈடு வழங்கும் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் அதற்கும் முந்திய 1934ஆம் ஆண்டினது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தினாலே தொழிற் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகமும் அமைந்தது.

ஆயின் இச்சட்டங்கள் எழுந்தது முதலாளியின் ஏவலால் வேலைத்தலத்தில் ஏறுவோனைக் கருதியே. கொழுந்தெடுத்துத் திரும்பிய மனைவியும் பிள்ளைகளும் நனையாதிருக்க, மாலை மழையில் ஏணி சாத்தித் தன் காம்பிராவின் ஒழுக்கை அடைக்க ஏறும் தொழிலாளி, அவ்வேளையில் யாருடைய வேலையாள்? கூரை அவனுடையதன்று, லயம் அவனுடையதன்று, ஏறும்படி ஒருவரும் ஏவவுமில்லை. விழுந்தால் அது வீட்டு விபத்து எனவே எழுதப்படும். கூரைக்கு உரிமையாளர் எவரோ அவரே அதனைத் திருத்தவும், திருத்த ஏறுவோர்க்குப் பிடி அமைக்கவும் பொறுப்பாளர் எனக் கொள்வதே நீதியாகும். மலைநாட்டிலே புதிய வீடுகள் எழும்போதும், பழைய லயங்கள் தகரம் மாற்றப்படும்போதும் இதற்கு வாய்ப்பு உண்டு. தகடு மூடிய பின்னர் நங்கூரம் பொருத்துதல் கடினம். மூடுமுன், முகட்டு வளை வெறுமையாய்க் கிடக்கையில், வளையமொன்றை ஊடுருவப் பூட்டித் தட்டும் சுரையும் இடுதல் ஒரு தச்சனுக்கு அரைமணி நேர வேலை. ஏணி சாத்தும் இடத்துத் தாழ்வாரத்திலே அதன் தலையைக் கட்டுதற்கு மற்றொரு சிறு கொக்கியும் வேண்டும். கூரையிலிருந்து விழுவோருட் பலர் ஏணியிலிருந்து கூரைக்குக் கால் மாற்றும்போதே விழுகின்றனர்.